காலால் அளந்த கிள்ளான் பள்ளத்தாக்கு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் எவ்வளவு தூரம் என்று நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் வராது. "ஜேம் இல்லேன்னா நாப்பது நிமிஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா கேக்காதீங்க" என்பார்கள். காலை ஒலிபரப்பில் போக்குவரத்து நிலவரம் சொல்லும்போது நானும் அப்படித்தான் பேசுகிறேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் இத்தனை நிமிடத் தாமதம், எல்.டி.பி.யில் இத்தனை நிமிடம் என்று. இந்தப் பள்ளத்தாக்கில் தூரம் என்றால் காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம்.

நவம்பரில் லங்காவியில் நடக்கும் நெடுந்தூர டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு, தூரத்தைக் காலால் அளக்க வேண்டியதாயிற்று. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள். 180 என்பது கோலாலம்பூரில் புறப்பட்டு ஈப்போவை நெருங்கிவிடும் தூரம். 42 என்பது பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானைத் தாண்டிப் போர்ட் கிள்ளான் வரை ஏறத்தாழ வந்துவிடும்.

இந்தப் போட்டி பிறந்ததே ஒரு வாக்குவாதத்தில்தான். ஓட்டக்காரர் பெரியவரா, நீச்சல்காரர் பெரியவரா, சைக்கிளோட்டி பெரியவரா என்று ஹவாயில் பேச்சு எழுந்தபோது, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் ஒரு வழி சொன்னார்: அங்கே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களையும் ஒரே நாளில் சேர்த்து வைத்துவிடுவோம். 1978 பிப்ரவரியில் 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கார்டன் ஹாலர் டாக்சி ஓட்டியவர். அவருக்கு ஆன நேரம் ஏறக்குறைய 11 மணி 47 நிமிடம். லங்காவிக்கு இந்தப் போட்டி 2000இல் வந்தது. 2010க்குப் பிறகு நின்று, 2014இல் மறுபடி தொடங்கியது.

டாக்சி ஓட்டுநர் ஜெயித்த விளையாட்டு இப்போது வசதியுள்ளவர்களின் விளையாட்டாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவுக் கட்டணம், சைக்கிள், சப்பாத்து என்று வெள்ளி கரைந்துகொண்டே இருக்கும். என் சைக்கிள் செகண்ட் ஹேண்ட். அதற்கே வீட்டில் ஒரு மாதம் பேச்சு வாங்கினேன்.

போட்டிக்குப் பத்து வாரம் இருக்கும்போது வந்த ஒரு வாரத்தைத்தான் இங்கே சொல்கிறேன். அட்டவணைப்படி மொத்தம் 13 மணி நேரம். திங்கட்கிழமை ஓய்வு.

வார நாள்களில் விடியற்காலை எனக்கில்லை. நான்கு மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தால் பத்துவரை நேயர்களோடுதான். அதனால் பயிற்சியெல்லாம் பிற்பகலில். செவ்வாயும் வெள்ளியும் சின் வூ அரங்கத்து நீச்சல் குளம். பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் ஒரு மேட்டின்மீது 1953இல் கட்டப்பட்ட அரங்கம் அது. சீனத் தற்காப்புக் கலைச் சங்கம் ஒன்று கட்டியது. ஆனால் குளம் எல்லாருக்கும் பொது. 50 மீட்டர் குளத்தில் 3.8 கிலோமீட்டர் என்றால் 76 நீளம். மல்லாந்து மிதந்தால் மெர்டேக்கா 118 கோபுரம் தலைக்கு மேலேயே நிற்பதுபோல் இருக்கும். 678.9 மீட்டர் உயரம். அதன் உச்சியில் கருமேகம் உட்கார்ந்துவிட்டால் அன்றைய நீச்சல் அவ்வளவுதான். முதல் இடிக்கே விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை 41ஆவது நீளத்தில் விசில்.

புதன்கிழமை வீட்டுக்குள்ளேயே சைக்கிள். ஐந்தாம் மாடியில், காற்றாடியைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை ஓட்டம். பிரிக்பீல்ட்ஸில் தொடங்கி, 1888இல் உருவான ஏரிப் பூங்காவைச் சுற்றி வருவது. பூங்காவுக்குள் ஓடுவது சுகம். அதுவரை போய்ச் சேருவதுதான் பயிற்சி. பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம் என்பது தெரியும். ரயில்வே குடியிருப்புகளால் வளர்ந்த இடம் என்பதும் தெரியும். நாட்டின் பார்வையற்றோர் சங்கம் இருப்பதும் இங்கேதான். அதனால் நடைபாதையில் மஞ்சள் நிறத்தில், காலுக்குத் தட்டுப்படும் மேடுகளோடு தடம் பதித்திருக்கிறார்கள். வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. அந்தத் தடத்தின்மீது மோட்டார் சைக்கிள் நிற்கும், கடைப் பலகை நிற்கும், பூக்கடை வாளி நிற்கும். கண் தெரிந்த நானே சாலையில் இறங்கித்தான் ஓடுகிறேன். கண் தெரியாதவர் என்ன செய்வார்? பிரதமரும் இந்தியப் பிரதமரும் வந்து 2010இல் திறந்துவைத்த லிட்டில் இந்தியா இது. அலங்கார வளைவுகளுக்குக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்லி, சனிக்கிழமையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு முப்பது கிலோமீட்டர் ஓட்டம். துன் எச்.எஸ்.லீ சாலை மகாமாரியம்மன் கோவில் வாசலில் தொடங்கி, பத்துமலை வரை போய்த் திரும்புவது. தைப்பூச வெள்ளி ரதம் போகும் திசை. அதிகாலை ஐந்து மணிக்கு அந்த வழியில் ஓடும் பெண்ணுக்குப் பின்னால் கார் மெதுவாகும். ஹாரன் அடிக்கும். நான்கு பேராகத்தான் ஓடுகிறோம், விளக்கு கட்டிக்கொண்டு. நடைபாதை திடீரென்று முடிந்து, மேம்பாலத்தின் காலடியில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே ஒவ்வொரு முறையும் எனக்குத் தைப்பூச இரவுதான் நினைவுக்கு வரும். ரதம் வரும் அந்த ஓர் இரவு மட்டும் இந்தச் சாலை கால்களுக்குச் சொந்தம். பாட்டிமார்கள் வெறுங்காலோடு அந்தப் பதினைந்து கிலோமீட்டரை நடந்து முடித்து, அதற்குப் பிறகு 272 படியும் ஏறுகிறார்கள். யாரும் அவர்களுக்குப் பதக்கம் போடுவதில்லை.

இனி சனிக்கிழமை.

காலை ஐந்து மணி. ஆறு சைக்கிள், முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு. அட்டவணை 120 கிலோமீட்டர் என்றது. எங்கள் வழி கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் மோட்டார் சைக்கிள் தடம். 1970களில் போட்ட அந்தத் தடத்தைக் காரில் போகிறவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ஒளிந்து ஒளிந்து போகும். திடீரென்று வளைந்து சிறிய சுரங்கத்துக்குள் இறங்கும், தேங்கிய தண்ணீரில் சக்கரம் பாதி முழுகும், மறுபக்கம் ஏறினால் தலைக்கு மேல் லாரி ஓடும். வழிப்பறிக்குப் பேர்போன தடம் என்பதால் தனியாக யாரும் மிதிப்பதில்லை. அந்த நேரத்தில் அங்கே வருகிறவர்கள் இரவு ஷிப்ட் முடிந்தவர்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள், காவலாளிகள். அவர்களில் ஒரு தம்பி எங்களைத் தாண்டும்போது, "அக்கா, லைட்ட கீழ காட்டுங்க, கண்ணு கூசுது" என்று கத்திவிட்டுப் போனான். சொன்னது நியாயம்.

கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டினால் சிலாங்கூர். கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதை நினைவுகூரக் கட்டியது. காரில் போனால் ஒரு கண்சிமிட்டல். சைக்கிளில் அதன் அடியில் ஒரு மேடு இருப்பது தொடைக்குத் தெரியும். பெட்டாலிங் ஜெயா, சுங்கை வே, பிறகு பத்து தீகா. 2018இல் டோல் வசூலை நிறுத்தினார்கள். ஷா ஆலம் மசூதியின் நான்கு கோபுரங்கள் தெரியும்போது பொழுது விடிந்துகொண்டிருந்தது.

இந்த வழி ஆற்றின் வழி. பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகப் போகும் அதே கிள்ளான் ஆறுதான் கிள்ளான் பட்டணத்தின் நடுவே வருகிறது. ரயில் வருவதற்கு முன் ஈயமும் அரிசியும் படகில்தான் போய் வந்தன. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் பாலம் கட்டி ஆற்றைத் தாண்டியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. நம் பாட்டன்மார்களில் எத்தனையோ பேர் கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான்.

கிள்ளானிலிருந்து பந்திங் வழியாக மோரிப் கடற்கரை. இரு பக்கமும் செம்பனை. சனிக்கிழமையாக இருந்தாலும் லாரிகளுக்கு ஓய்வில்லை. ஒவ்வொன்றும் தாண்டும்போது காற்று நம்மை இழுத்து விடும். மோரிப்பில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், இரண்டு வாழைப்பழம், ஒரு தே ஓ. 1945 செப்டம்பரில் இந்தியப் படைகள் வந்து இறங்கிய கரை இது. அவர்களுடைய வண்டிகள் புதைந்துபோன சேறு இன்றும் அப்படியே இருக்கிறது. பிறகு திரும்ப கிள்ளான். கைக்கடிகாரம் 121 கிலோமீட்டர் என்று காட்டியபோது அப்பா வீட்டு வாசலில் இருந்தேன்.

"எத்தனை மிதிச்சே?"

"நூத்தி இருவத்தொண்ணுப்பா."

"யாரு சம்பளம் கொடுக்குறா?"

"சம்பளமா? நாங்கதான் காசு கட்டுறோம்."

அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அப்பா காப்பார் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இப்போது அங்கே தோட்டம் இல்லை, தாமான் இருக்கிறது. இளவயதில் துறைமுகத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனார், ராலே சைக்கிளில். போக வர ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், வாரத்துக்கு ஆறு நாள். 240 கிலோமீட்டர். என் அட்டவணையில் அந்த வாரத்துக்கு அவ்வளவு சைக்கிள் இல்லை.

அந்தக் கால்களில் ஒன்றில் இப்போது சுண்டுவிரல் கிடையாது. இனிப்பு நீர். போன ஆண்டு எடுத்துவிட்டார்கள். சுகாதார அமைச்சின் 2019 ஆய்வின்படி அப்போது நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவர். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் போதும், ஆய்வு வேண்டாம்.

டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தினமும் முப்பது நிமிடம் நடங்கள். எங்கே நடப்பது? தாமானில் நடைபாதை கிடையாது. இரு பக்கமும் கார். நடுவில் நடந்தால் பின்னால் மோட்டார். கடைவரிசையின் அஞ்சடியில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை ஒரு மட்டமாக இருக்காது. படி ஏறி இறங்க வேண்டும். விரல் போன காலில் உணர்ச்சியும் குறைவு. தடுக்கினால் தெரியாது, புண் வந்தாலும் தெரியாது. அவர் நடக்காததைச் சோம்பல் என்று உறவினர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்த வாரம் முழுவதும் நான் கண்ட சாலைகளில் எதை அவருக்குக் காட்டுவேன்? எனக்கு 180 கிலோமீட்டருக்கு வழி இருக்கிறது. விலை உயர்ந்த விளக்கும், கூட வர ஐந்து பேரும், ஓடித் தப்பக் காலும் இருப்பதால். அவருக்கு முப்பது நிமிடத்துக்கு வழி இல்லை.

குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது மழை விட்டிருந்தது. "கோத்தா பாலத்துக்குப் போலாமாப்பா?" என்று கேட்டேன்.

கிள்ளான்காரர்களுக்கு அந்தப் பாலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அது இரட்டைத் தட்டுப் பாலம். மேல்தட்டு வண்டிகளுக்கு, கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றே கட்டியது. ஆற்றைக் காலால் கடப்பவனுக்கென்று, வெயில் படாத தனித்தளம் ஒன்றை அந்தக் காலத்தில் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின் கட்டிய எத்தனை பாலங்களில் அந்த யோசனை இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதல் சில அடிகள் மெதுவாக வைத்தார். தரை சமமாக இருப்பது காலுக்குத் தெரிந்த பிறகு கம்பியை விட்டுவிட்டார். "ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சி வரப்போ இங்க மணி அடிச்சிக்கிட்டே வருவோம். எதிர்ல ஆள் வந்தா தெரியாது, இருட்டு" என்றார். நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தார். மழைத் தண்ணீர் சேர்ந்து, தே தாரிக் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் ஊரின் குப்பையும் அதில் வந்திருக்கும்.

"சரவணன் ஞாபகம் இருக்கா?" என்றார் திடீரென்று. 1998 காமன்வெல்த் போட்டியில், கோலாலம்பூர் சாலையில், 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் நம் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த கோ. சரவணன். "ஓடல, கவனி. நடந்தே வாங்குனான்." நான்கு மணி பத்து நிமிடத்தில் அவர் ஐம்பது கிலோமீட்டர் நடந்தார் என்றேன். அப்பா அதைக் கணக்குப் போட்டபடியே மறுகரை வரை வந்துவிட்டார். திரும்பி வந்து சேர்ந்தபோது என் கைக்கடிகாரம் 26 நிமிடம் காட்டியது. நின்ற நேரத்தையும் சேர்த்துத்தான்.

காரில் ஏறும்போது, "நாளைக்கு?" என்றார்.

நாளை எனக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டம். திங்கட்கிழமை ஓய்வு நாள், பத்து மணிக்கு மேல் வேலையும் இல்லை.

"திங்கக்கெழம வரேன்ப்பா."

"நாலு மணிக்கு மழ வந்துரும். அதுக்கு முன்னாடி வா" என்றார்.