பின் இருக்கை

அப்பா வாங்கிய ஒரே காடி கஞ்சில் 850. இரண்டாம் கை. 2003-இல் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அதன் முன் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் கேசட் போடும் ரேடியோவும் இருந்தன. பின்னால் எதுவும் இல்லை. அது ஒரு குறை என்று எங்களில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.

உட்காரும் இடங்கள் முதல் நாளே முடிவாகிவிட்டன. அப்பா ஓட்டுவார். எனக்குப் பதின்மூன்று வயது. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சொல்லி முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் முதுகுக்குப் பின்னால், இடது பக்கம். மடியில் பை, காலடியில் இன்னொரு பை. வாந்தி வருவது ஒரு வருடத்தில் நின்றுவிட்டது. இடம் மட்டும் மாறவில்லை.

ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சந்தைக்கு, துணிக்கடைக்கு, சித்தி வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஈப்போதான். அப்பா ரேடியோவைத் திறப்பார். அப்போது அது வானொலி 6. 2005-இல் மின்னல் எஃப்எம் ஆனது. மூன்று சிலிண்டர் இன்ஜின் ஒரு பக்கம் உறும, ஏர்கோன் காற்றாடி இன்னொரு பக்கம் இரைய, பின் சக்கரங்களின் சத்தம் நேராக அம்மாவின் காதுக்குப் போகும். வழியில் பத்து முறையாவது அம்மா முன்னால் சாய்ந்து கேட்பார்.

“என்ன சொல்றான்?”

“ஒண்ணுமில்ல” என்பார் அப்பா.

அறிவிப்பாளர் சொன்னதைத்தான் அம்மா கேட்கிறார் என்று நான் நினைத்தேன். பிறந்தநாள் வாழ்த்தில் தெரிந்த பெயர் ஏதாவது வந்திருக்கும், செய்தியில் ஊர்ப்பெயர் வந்திருக்கும். சில சமயம் நான் சத்தத்தைக் கூட்டுவேன். முன்னால் எங்கள் காது வலிக்கும். பின்னால் அது வெறும் இரைச்சலாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

2009 ஜனவரியில் பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அம்மாவால் முன்னால் சாய்ந்து கேட்க முடியவில்லை. கேட்பதும் குறைந்தது.

அப்பா 2017-இல் இறந்தார். கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டு நான் ஊருக்கே வந்தேன். கஞ்சில் எனக்கு வந்தது. அம்மா அப்போதும் பின்னால்தான் உட்கார்ந்தார், அதே இடது பக்கம். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, கண்ணாடியில் அம்மாவின் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுவது எனக்கு என்னவோ போல் இருந்தது. பின்னால் ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தால் பாட்டாவது கேட்பாரே என்று நினைத்தேன்.

ஈப்போவில் ஒரு கடையில் விசாரித்தேன். தவுக்கே காடியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கஞ்சில் புஞா பிளாக்காங், சியாப்பா மௌ டெங்கார்?” கஞ்சில் பின்னாடி உட்கார்ந்து யார் கேட்கப் போகிறார்கள்? “மாக் சாயா” என்றேன், என் அம்மா. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆறுக்கு ஒன்பது அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். புது ரேடியோவையும் அங்கேயே வாங்கினேன். கூலி மிச்சம் என்று நானே பூட்டுவதாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பின் கண்ணாடிக்குக் கீழே வைக்கத் தச்சரிடம் 12 மில்லிமீட்டர் பலகை அறுத்து வாங்கியிருந்தேன். பலகை இறுக்கமாக உட்கார வேண்டும். ஸ்பீக்கரின் முன்னால் வரும் சத்தமும் முதுகில் வரும் சத்தமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அடித்தொண்டைச் சத்தம் செத்துப்போகும். புது ரேடியோவின் பின்னால் நான்கு ஜோடி வயர்கள். வெள்ளையும் சாம்பலும் முன்னால் இருப்பவர்களுக்கு. பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது மைனஸ். கதவோரப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, அதன் அடியில் வயரைப் பின்னால் இழுத்தேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “காடிய பிரிச்சிப் போட்டுட்டியே தம்பி, திரும்பப் பூட்டுவியா?”

பூட்டினேன். பாட்டு வந்தது. ஆனால் தபேலா இல்லை. சத்தத்தைக் கூட்டினால் ஓட்டைத் தகரம் போலக் கேட்டதே தவிரக் கனம் வரவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகு டார்ச்லைட்டிலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்து, ரேடியோ பக்கத்தில் வயரைக் கழற்றி, பிளஸ்ஸை வண்ண வயரிலும் மைனஸைக் கோடு போட்டதிலும் தொட்டுப் பார்த்தேன். இடது ஸ்பீக்கரின் தாள் வெளியே துள்ளியது. வலது உள்ளே போனது. வலது பக்கம் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்ததும் தபேலா வந்துவிட்டது.

புதன்கிழமை அம்மாவுக்கு ஈப்போவில் கண் பரிசோதனை. ரேடியோவில் சத்தம் முழுவதையும் பின்னால் தள்ளி வைத்தேன். பழைய பாட்டு ஒன்று ஓடியது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் வாய் அசைந்தது. கூடவே பாடுகிறார் என்று நினைத்து, இன்னும் இரண்டு புள்ளி கூட்டினேன். பிறகுதான் அவர் கையை ஆட்டுவது தெரிந்தது.

“என்னம்மா?”

“கொஞ்சம் கொறைச்சி வையேன். நீ பேசறது ஒண்ணும் கேக்கல.”

“நீங்கதானம்மா எப்பப் பார்த்தாலும் என்ன சொல்றான், என்ன சொல்றான்னு கேப்பீங்க?”

“ரேடியோவயா கேட்டேன்? உன்னயல்ல கேட்டேன். நீயும் அப்பாவும் என்னமோ பேசிக்கிட்டே வருவீங்க. எனக்கு உன் தலை ஆடறது மட்டும்தான் தெரியும்.”

நான் ரேடியோவை நிறுத்தினேன்.

ஆறாம் படிவம் முடித்த கையோடு கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னது இந்தக் காடியில்தான். மேலே படிக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்றார். அம்மா எனக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் இருந்தார். அன்றும் கேட்டிருப்பார்; ஒண்ணுமில்ல என்ற பதிலும் வந்திருக்கும். நான் துணிகளைப் பையில் அடுக்கிய அன்றுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அப்பா சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் சொல்லுவேன் என்று அப்பா நினைத்திருக்கலாம்.

“முன்னால வந்து உக்காருங்களேம்மா.”

“வேணாம்ப்பா. முன்னால உக்காந்தா லாரியெல்லாம் மேல வர்ற மாதிரி இருக்கு.”

அவர் இன்னும் பின்னால்தான் உட்காருகிறார். இருநூறு வெள்ளிக்கு மேல் செலவு செய்த ஸ்பீக்கர்கள் பாதி நாள் சும்மா கிடக்கின்றன. ஏர்கோனை ஒன்றாம் எண்ணில் வைத்து, தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். பேசுவதற்குப் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. மீன் விலை, பக்கத்து வீட்டு நாய், வேலையிடத்தில் நடந்தது.

“என்ன சொல்றே?” என்பார் அம்மா.

திரும்பவும் முதலிலிருந்து சொல்வேன்.