நூறு வாட் வெளிச்சம்

ஐம்பத்தேழு வயது வரையில் ராத்திரியில் கார் ஓட்டுவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. 1994-ஆம் வருஷம் மார்கழி மாதம் கொள்ளிடம் பாலத்தின் மேல் அந்தக் கர்வத்துக்குப் பங்கம் வந்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படலாம். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவாவது உதவும்.

அப்போது என்னிடம் ஒரு பழைய அம்பாஸடர் இருந்தது. டிப்பர் ஸ்விட்சைக் காலால் அமுக்கி வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டிய காலத்துக் கார். என் தங்கை லால்குடியில் இருந்தாள். மாதம் இரண்டு தடவை நானும் மனைவியும் ஸ்ரீரங்கத்திலிருந்து அவளைப் பார்க்கப் போவோம். சாப்பிட்டுவிட்டு, ஊர்க்கதை பேசி முடித்துப் புறப்பட ஒன்பது மணி ஆகிவிடும். இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. நடுவில் ஒடுங்கலான ரோடு.

அந்த வருஷம் ஐப்பசியிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். முன்னே போகிற கட்டை வண்டி, அதன்மேல் மோதுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. "ஏன்னா, முன்னாடி போறது மாடா, மனுஷாளா?" என்று மனைவி கேட்பாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிகிறதா என்று பரீட்சை பார்க்கிறாள் என்பது எனக்குப் புரியவில்லை. ஹெட்லைட்டில் வெளிச்சம் போதவில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

வெளிச்சம் போதாதவனுக்கு யோசனை சொல்ல ஸ்ரீரங்கத்தில் ஆள் பஞ்சமா? "அறுபது வாட்டை வைத்துக்கொண்டு என்ன ஓய் பண்றீர்? நூறு வாட் போடும்!" என்றார் எதிர் வீட்டு நண்பர். அவருக்குக் கார் கிடையாது. ஆகையால் பூரண தைரியத்தோடு சொன்னார். மறுநாளே 100/90 வாட் ஹாலஜன் பல்பு ஜோடி ஒன்று வாங்கி, பழைய 60/55 பல்புகளை எடுத்துவிட்டு மாட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. அன்று ராத்திரி வாழை இலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

பதினைந்து நாள் இந்த வைபவம் நடந்தது. பதினாறாம் நாள் திரும்பி வரும்போது, அடுப்பில் ரப்பர் விழுந்தாற்போல் ஒரு நாற்றம். 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலம் அது. பிற்காலத்தில் 2018 வெள்ளத்தில் தூண்கள் சரிந்ததே, அதேதான். பாலத்தின் நடுவில் விளக்கு இரண்டும் ஒரே சமயத்தில் அணைந்தன. முன்னால் இருட்டு, பக்கத்தில் கைப்பிடிச் சுவர், கீழே ஆறு, பின்னால் ஒரு லாரியின் ஹார்ன். டாஷ்போர்டிலிருந்து மெல்லியதாகப் புகை வந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு செல் டார்ச்சு வெளிச்சத்தில் அக்கரை வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பாலக்கரைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பாயின் ஷெட்டுக்குக் காரைக் கட்டி இழுத்துப் போனேன். கார்களின் மின்சார வேலைதான் அவருக்கு ஜீவனம். ஸ்விட்சைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கருகி, வெல்லப்பாகு மாதிரி உருகியிருந்தது.

"ஐயா கணக்குத் தெரிஞ்சவங்க. வாட்டைப் பன்னெண்டு வோல்ட்டால வகுத்துப் பாருங்க" என்றார்.

வகுத்தேன். அறுபது வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர். நூறு வாட் இரண்டுக்குக் கிட்டத்தட்ட 17. ஓட்டம் அப்படி ஏறினால் ஒயரில் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். என் காரிலோ அவ்வளவு மின்சாரமும் பாட்டரியிலிருந்து மெல்லிய ஒயர் வழியாக டாஷ்போர்டு ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து காலடி டிப்பருக்குப் போய், பிறகு மூக்கு முனையில் உள்ள விளக்குக்குப் போக வேண்டும். பத்துக்கே அந்தப் பாதை திணறிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதுக்கு ரிலே வைக்கணும். உய்யக்கொண்டான் வாய்க்கால் மதகு பார்த்திருக்கீங்கல்ல? மதகைத் தூக்கறவன் கரையில நின்னு சாவியைத் திருகறான். தண்ணி அவன் கை மேலயா போவுது?"

எத்தனையோ பேரிடம் மின்சார சாஸ்திரம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை. ஸ்விட்ச் வழியாகக் கால் ஆம்பியருக்குள் ஒரு சிறு மின்சாரம் போய் ரிலே என்ற மதகைத் திறக்கும். பெரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேரே விளக்குக்கு ஓடும். உயர்ந்த வெளிச்சத்துக்கு ஒரு ரிலே, தாழ்ந்த வெளிச்சத்துக்கு ஒன்று. பாட்டரியை ஒட்டினாற்போல் ஒரு ஃப்யூஸ் வைத்துவிட்டால், எங்கேயாவது ஒயர் உராய்ந்து பாடியில் பட்டாலும் கார் எரியாது. திரும்பி வருகிற எர்த் ஒயரும் அதே தடிமன் இருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்களாம்.

பிறகு என் கர்வத்தில் பாதியைக் கரைக்கிற ஒரு காரியம் செய்தார். பழைய அறுபது வாட் பல்பையும் பழைய வயரிங்கையும் தற்காலிகமாக இணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.5 வோல்ட்; பல்பில் 11.5. இரண்டு வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விட்டது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். பல்பு மேல் நான் சுமத்திய குற்றத்தைச் செய்தது ஒயர்.

"ரிலே வச்சிட்டுப் பழைய பல்பையே போட்டுப் பாருங்க ஐயா. அதுவே பளிச்சுனு எரியும்."

நான் கேட்கவில்லை. வாங்கிய பல்பு வீணாகலாமா? நூறு வாட்டையே போடச் சொன்னேன். "பழைய கார், இரும்பு ரிஃப்ளெக்டர், கண்ணாடி முகம், சூட்டைத் தாங்கும்" என்று மனமில்லாமல் போட்டுக் கொடுத்தார். வெளிச்சத்தின் மட்டம் பார்க்க வேண்டும், சாயங்காலம் வாருங்கள் என்றார். நான் போகவில்லை.

தை மாதம் லால்குடி ரோட்டில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. பின்னால் இரண்டு பால் கேன். நான் அவரை நன்றாகப் பார்த்தேன். அவர் கையால் கண்ணை மறைத்ததைப் பார்த்தேன். சைக்கிள் தடுமாறி ரோட்டோர வாய்க்காலுக்குள் இறங்கியதையும் பார்த்தேன். டிப்பரை மிதிக்க வேண்டுமென்று தோன்றியபோது அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கை கொடுத்தேன். முழங்கையில் சிராய்ப்பு, ஒரு கேன் காலி. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ரோடே தெரியலீங்க. பின்னால லாரி வந்திருந்தா என்னாயிருக்கும்?" என்றார். அவ்வளவுதான். பாலுக்குப் பணம் வாங்கிக்கொண்டார். கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை.

எதிரே வருபவர் கண் கூசாதபடி விளக்கு தாழ்ந்திருக்க வேண்டுமென்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. மறுநாள் பாயைக் கையோடு அழைத்து வந்தேன். ஏழு மதில் உள்ள ஊரில் சுவருக்கா குறை? தரை சமமாயிருந்த இடத்தில், மதிலுக்கு இருபத்தைந்து அடி தள்ளிக் காரை நிறுத்தினோம். தாழ்ந்த வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் மத்தியைவிட மூன்று அங்குலம் கீழே விழ வேண்டும். என்னுடையது ஓர் அடி மேலே போயிருந்தது! திருகிச் சரி செய்தார். நூறு வாட்டை நானே கழற்றிக் கொடுத்துவிட்டு அறுபதைப் போடச் சொன்னேன். அவர் சொன்னபடியே அது பளிச்சென்று எரிந்தது.

ஆனாலும் மாடு எனக்குத் தெரியவில்லை.

"பல்பு மாத்தியாச்சு, ஒயர் மாத்தியாச்சு. இன்னும் மாத்த வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் மனைவி. கண் டாக்டரிடம் அவளே அழைத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. அறுபது வயதுக்காரனின் விழித்திரைக்கு, இருபது வயதுப் பையனுக்குக் கிடைக்கிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்று டாக்டர் சொன்னார். புரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொன்றாக ஆபரேஷன் ஆயிற்று.

இப்போது என் பேரனின் காரில் விளக்கு பூராவும் பிளாஸ்டிக். அதில் நூறு வாட் போட்டால் ஸ்விட்ச் கருகுவதற்கு முன் விளக்கே உருகிவிடும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் கண்ட இடத்தில் சிதறி எதிராளி கண்ணைக் குத்தும். முதலில் கண், பிறகு கண்ணாடி, பிறகு ஒயர், பிறகு மட்டம், கடைசியில்தான் பல்பு என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்பானோ மாட்டானோ, நானும் கேட்கவில்லையே.

ஆபரேஷனுக்குப் பிறகு லால்குடி ரோட்டில் மறுபடி அந்தப் பால்காரர் எதிரே வந்தார். தூரத்திலேயே தெரிந்தது. டிப்பரை மிதித்தேன். அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். என்னை அடையாளம் தெரிந்திருக்க நியாயமில்லை.