பாதையில் போன வைத்தியம்

2018 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் 'மேர்சி' மருத்துவக் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. ஆயிரம் கட்டில்கள் கொண்ட மிதக்கும் ஆஸ்பத்திரி. பத்திரிகையில் வந்த படத்தை எங்கள் ஊர் அப்போதிக்கரி மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு முந்தியும் ஒண்டு வந்தது மகன். நான் கொழும்பில படிக்கக்குள்ள" என்றார்.

அவர் சொன்னது 'ஹோப்' என்ற வெள்ளைக் கப்பலை. போர்க்காலத்தில் 'கொன்சொலேஷன்' என்ற பெயரில் காயம்பட்ட படையினரைச் சுமந்தது அது. டாக்டர் வில்லியம் வோல்ஷின் முயற்சியால் 1960 முதல் வறிய நாடுகளுக்குப் போகத் தொடங்கி, 1968-69இல் கொழும்பில் நின்றது. சம்பளம் வாங்காத வைத்தியர்கள் முறைவைத்து வந்தார்கள். நோய் பார்த்ததோடு நம் வைத்தியர்களையும் தாதியரையும் பக்கத்தில் வைத்துச் சொல்லியும் கொடுத்தார்கள். துறைமுகத்தில் தூரநின்று பார்த்த மாணவன் மாமா.

பின்னாளில் அவரும் ஒன்றில் ஏறினார். அது மண்முனைத்துறைப் பாதை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கும் மிதவை. 2014இல் பாலம் திறக்கும்வரை எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு அதில்தான் போவோம்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூறுக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அதில் மாமாவின் தம்பியும் ஒருவர். அந்த வருடத்தோடு படுவான்கரையிலிருந்த எங்கள் வயலும் போயிற்று. வாப்பா அதற்குப் பிறகு அந்தத் திசையைப் பார்த்துப் பேசியதில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. மறுவருடம், அக்கரையிலிருந்து பழைய நோயாளி ஒருவர் தேடிவந்து கூப்பிட, மாமா சனிக்கிழமைகளில் மருந்துப் பெட்டியோடு பாதை ஏறினார். நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையை முடித்து வந்த புதிது.

"பேரையும் வருத்தத்தையும் எழுத ஒராள் வேணும். உன்ட எழுத்து வடிவு. வாறியா மகன்?"

வாப்பா முந்திக்கொண்டார். "வயலப் பறிச்சவனுக்கு மருந்தா?"

நான் பேசாமல் நின்றேன். மாமா சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாப்பாவின் மனம் நோகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் அதே கோபம்தான். வாப்பாவைச் சாட்டினேன், அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26. கடல் வந்து போன பின் எங்கள் பாடசாலை அகதி முகாமானது. மறுநாள் பின்னேரம் படுவான்கரையிலிருந்து சோற்றுப் பார்சல்களோடு சிலர் வந்தார்கள். அவர்களில் வயதான அம்மா ஒருவர் பார்சலைத் தருமுன் என்னிடம் கேட்டார்: "தம்பி, அப்போதிக்கரி ஐயா தப்பிற்றாரா?"

தப்பிவிட்டார் என்றேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சோற்றை அவரும் சாப்பிட்டார்.

முகாம் கலைந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை நானும் பாதை ஏறினேன். வாப்பா தடுக்கவில்லை. 2006இல் மீண்டும் சண்டை மூளும்வரை போய்வந்தோம்.

கப்பல் படத்தைப் பார்த்த அன்று மாமா சொன்னார்: "பெரிய கப்பல்தான். ஆனா அவங்களுக்கும் பேரெழுத ஒராள் வேணும்."

போன வருடம் மாமா மௌத்தானார். ஜனாஸா முடிந்த மூன்றாம் நாள் அவர் மகள் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். பின்பாதி என் எழுத்து. முன்பாதி மாமாவின் கிறுக்கல். மருந்து கொடுத்த கையாலேயே அவசரத்தில் எழுதியது. பல பெயர்கள் வாசிக்க முடியவில்லை. அவை நான் எழுதியிருக்க வேண்டிய பெயர்கள்.