சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஆறு மணி நேரப் பயணம். அந்நாட்டுக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை பத்துக்குப் புறப்படுபவர் பகல் ஒன்றரைக்கு இறங்குவார். நோன்பாளி தம் கைக்கடிகாரத்தை நம்பலாகாது. மேற்கே விரையும் விமானத்தில் சூரியன் தாமதித்தே மறையும்.

1995 வரை பம்பாயிலிருந்து சென்ற ஹஜ் கப்பலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. யலம்லம் எல்லை நெருங்குமுன் குளித்து இஹ்ராம் அணிய அவகாசம் இருந்தது. விமானமோ தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் எல்லையை நொடிகளில் கடந்துவிடுகிறது.

உம்ராவுக்குச் சென்றபோது, பக்கத்து இருக்கைப் பெரியவர் இஹ்ராம் துணியைப் பெட்டியோடு சரக்கில் அனுப்பிவிட்டார்.

"தம்பி, ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொண்டால் ஆகாதா?" என்றார்.

இஹ்ராமின்றி எல்லையைக் கடந்து, திரும்பியும் செல்லாவிடில், பரிகாரமாக ஆடு அறுக்க வேண்டிவரும் என்றேன். அவர் முகம் வாடியது. நல்லவேளையாக, என் கைப்பையில் மூட்டாத வெள்ளை வேட்டியும் துண்டும் இருந்தன. விமானத்தின் குறுகிய கழிவறையில் சிரமப்பட்டு உடுத்தி வந்து அமர்ந்தார். எல்லை அறிவிப்புக்கு இன்னும் கால்மணி நேரம் மீதமிருந்தது.