மூன்று வருஷக் கணக்கு

தங்கை மகன் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவன், காப்பி ஆறும்வரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "மாமா, எதைப் படிச்சா ஒரு முப்பது வருஷத்துக்குக் கவலையில்லாம இருக்கலாம்?"

கேட்ட ஆள் சரியில்லை. முப்பது வருஷத்தை நம்பி வேலைக்குப் போனவன் நான். 1981-ல் ஒரு வங்கியில் எழுத்தர். அந்தக் காலத்தில் காரைக்குடியில் வங்கி உத்தியோகம் என்றால் பெண் வீட்டார் ஜாதகத்தைக்கூட அரைக் கண்ணால்தான் பார்ப்பார்கள். பேரேட்டில் ஒரு பக்க எண்களைப் பேனா முனை கீழே இறங்குகிற வேகத்திலேயே கூட்டி முடிப்பேன். அதுதான் என் பெருமை. கணினி வந்து அந்தப் பெருமையை ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவைத்தது. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எழுதிக் கொடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். பிறகு ஜவுளிக்கடைகளுக்குக் கணக்கு எழுதினேன். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, ஐம்பத்தேழு வயதில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மறுபடி பாடம் கேட்டேன்.

அவனுக்குப் பதில் சொல்லாமல், "உன் பூட்டன் ரங்கூன்ல என்ன வேலை பாத்தாருன்னு தெரியுமா மாப்ளே?" என்றேன். தெரியவில்லை.

சமையலாள். இந்த ஊரில் ஒரு செட்டியார் வீட்டாரின் ரங்கூன் கடையில் என் தாத்தா பத்து வருஷம் சமைத்தார். கடை என்றால் பலசரக்குக் கடை அல்ல, வட்டிக்கடை. முகல் தெருவில் நீளக் கூடம் ஒன்றில் வரிசையாகக் கைப்பெட்டிகள், பெட்டிக்குப் பின்னால் பாயில் சம்மணமிட்டு ஆட்கள். அந்தக் கூடத்தில் ஒருவன் எப்படி மேலேறுவான் என்பதைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையன். விளக்குத் துடைப்பது, கடிதம் கொண்டுபோவது, பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வது. பிறகு அடுத்தாள். அதற்கப்புறம் மேலாள். கையில் காசு சேர்ந்தால் பங்காளியோடு தனிக்கடை, சொந்த விலாசம். ஊரில் இதற்கு 'கொண்டுவிக்கப் போறது' என்று பெயர். பையன் கப்பலேறுவதற்கு முன்பே முந்திரியும் காணியும் மாவும் அவன் நாக்கில் இருக்கும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. அந்தச் சின்னப் பின்னத்தில் வட்டியை மனக்கணக்காகச் சொல்ல வேண்டும்.

ஏணி அவ்வளவு தெளிவாக இருந்தது. பெண்களுக்கு அதில் படியே கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். செட்டியார் வீட்டு ஆச்சிகள் ஊரில் இருந்து வீட்டையும் வரவு செலவையும் கட்டி ஆண்டார்கள், சம்பளம் இல்லாமல்.

எனக்கு இதில் பிடித்தது ஏணி இல்லை, சம்பளச் சீட்டு. கடைக்குப் போகிறவன் ஆயுளுக்கு எழுதிக் கொடுப்பதில்லை. வழக்கமாக மூன்று வருஷம். அதற்கு இவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்வார்கள். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஊருக்குக் கப்பல். ஊரில் சில மாதம், சில சமயம் அதற்கும் மேலே. பிறகு மறுபடி போவதா, அதே கடைக்கா, வேறு விலாசத்துக்கா, மலாயாவுக்கா இலங்கைக்கா என்று புதிதாகப் பேச்சு. ஒப்படைக்கும்போது எடுப்பதுதான் ஐந்தொகை. எவ்வளவு வரணும், எவ்வளவு கொடுக்கணும், கையில் நிற்பது என்ன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மனிதன் தன் பிழைப்பை அப்படித் தாளில் விரித்துப் பார்த்தான். முப்பது வருஷத் திட்டம் என்ற ஒன்றை அவன் வாயால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அப்ப அவங்களுக்கு நஷ்டமே வரலியா?" என்றான்.

வந்ததே. அதைச் சொல்லாமல் விட்டால் இது கல்யாண மண்டபத்துப் பழம்பெருமை ஆகிவிடும்.

1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்று முகத்துவாரக் காட்டை வெட்டி நெல் வயலாக்க பர்மிய விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது, செட்டியார் கடை கொடுத்தது. அந்த வட்டியில்தான் நம் ஊர் வீடுகளுக்குத் தேக்குத் தூண்கள் கப்பலில் வந்து இறங்கின. 1930-ல் உலக மந்தத்தோடு நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1937-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. ஐந்தொகையில் இது சொத்துப் பக்கம் நிற்கும். தொகை பெருத்திருக்கும். பார்த்தவர்களுக்கு மனம் குளிர்ந்துகூட இருக்கலாம். ஆனால் தேக்கை ஏற்றிய கப்பலில் வயலை ஏற்ற முடியாது. அந்த நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு எந்த ஐந்தொகையிலும் பத்தி இல்லை. அவன் கோபம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

தொகையைப் பார்க்காமல் அது எதில் முடங்கிக் கிடக்கிறது என்று பார்த்தவர்களும் இருந்தார்கள். பர்மாவின் மோல்மீனில் 1900-ல் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930-களிலேயே போட்ட முதலை இந்தியாவுக்குத் திருப்பியது. 1949-ல் அவர்கள் சென்னையில் சைக்கிள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. அதே வருஷம் ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1948-ல் விடுதலை, அதே வருஷம் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம். ஏணி நின்றிருந்த தரையே போய்விட்டது.

இந்தச் சமூகத்தின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். முதல் வைத்திருந்தவன் வேறு தொழிலுக்குத் திரும்பினான். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாகத் திரும்பியவனிடம் என்ன இருந்தது? பல வீடுகளில் அடுத்த தலைமுறை தூணையும் கதவையும் விற்றது. எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் அந்தக் கணக்கு சாமான் சாமானாக அடுக்கியிருக்கிறது.

கையில் முதல் இல்லாமல் கடைக்குப் போன இன்னொருவரையும் எனக்குத் தெரியும், அவர் எழுத்து வழியாக. சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்த ப. சிங்காரம் பதினெட்டு வயதில் சுமத்ராவில் உள்ள மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். நடுவில் யுத்தம். 1946-ல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாக வாழ்ந்தார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற அந்த இரண்டு நாவல்களும் கடையும் கடலும் இல்லாமல் வந்திருக்காது. வேலைத் திட்டம் என்று பார்த்தால் முழுத் தோல்வி. நாவலாசிரியர் ஆவதற்கு மேடானில் பெட்டியடிக்குப் போ என்று எந்த ஆலோசகர் சொல்வார்?

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு கதை எங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வரவழைத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்தார். மின்வேதியியல் படித்து என்ன செய்வது என்று என் இளமையில் பிள்ளைகள் சிரிப்பார்கள். முலாம் பூசப் போகலாம் என்பார்கள். இன்று மின்சார ஸ்கூட்டர் கம்பெனிக்காரன் பேட்டரி தெரிந்தவனைத் தேடுகிறான். படிப்பு தன் சந்தைக்காக எழுபது வருஷம் காத்திருந்தது. மனிதனால் அப்படிக் காத்திருக்க முடியாது, வயிறு இருக்கிறது.

தாத்தா 1942-ல் இம்பால் வழியாக நடந்து வந்து சேர்ந்தார். எத்தனை நாள் நடந்தார் என்று கேட்டால் செருப்பு அறுந்த இடத்தை மட்டும் சொல்வார். ஊருக்கு வந்த மறுமாதமே ஒரு கல்யாண வீட்டில் அடுப்பு மூட்டக் கூப்பிட்டார்கள். மேலாள்கள் வேலை தேடிக்கொண்டிருந்த ஊரில் சமையலாளுக்கு வேலை இருந்தது. இதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. "அவுகளுக்கு என்னத்தச் செய்யத் தெரியும், பாவம்" என்பார். பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியை எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் இனிப்பாக வைக்கிறார்களே, அதை எவ்வளவு நேரம் ஊறப்போடுவது என்பதில் அவருக்கும் அப்பத்தாவுக்கும் கடைசிவரை வழக்கு தீரவில்லை.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். சென்னைக் கம்பெனி ஒன்று அனுப்பிய வேலை உத்தரவு. வந்து நாலு நாளாகிறதாம், வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. கணினிதான் பாதி வேலையைச் செய்யும், அது செய்ததைச் சரிபார்ப்பது இவன் வேலை. நாளைக்கு அந்தப் பாதியும் போய்விடுமோ என்ற பயத்தில்தான் முப்பது வருஷத்தைக் கேட்டிருக்கிறான்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். இரண்டு வருஷம் விலகக் கூடாது. சம்பளம் மாதக் கணக்கில். நடுவில் அவர்கள் நினைத்தால் ஒரு மாத நோட்டீஸில் அனுப்பலாம், இவன் விலகினால் பணம் கட்ட வேண்டும். எந்த மேலாளும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்.

"ரெண்டு வருஷந்தானே, போய்ட்டு வா" என்றேன். "முடிஞ்ச அன்னைக்கு இங்க வந்து உக்காரு. ஐந்தொகை எடுப்போம்."

"அதுவரைக்கும் அந்தக் கம்பெனி இருக்குமா மாமா?"

"அது இருக்கட்டும். பல்லவன் எக்ஸ்பிரஸுக்கு வண்டிச் சத்தம் யாரு குடுக்குறதுன்னு இதுல எழுதவே இல்லியே?"

திரும்பப் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளித் தேட ஆரம்பித்தான்.