பேயா, பிணியா?

நம் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வயதுப்பெண் ஒருத்தி திடீரெனப் பிதற்றத் தொடங்கினால், "காத்துக் கருப்பு அண்டிவிட்டது" என்பார்கள். கத்தோலிக்கக் குடும்பமானால் கோவிலுக்கு அழைத்து வந்து, மந்திரித்த தீர்த்தமும் எண்ணெயும் கேட்பார்கள். பெற்றோரின் கண்ணீரைக் கண்டு நாம் செபிக்க மறுப்பதில்லை. ஆயினும் செபத்திற்கு முன் ஒன்று கேட்கிறோம்: "சில நாள்களுக்கு முன் காய்ச்சலோ தலைவலியோ இருந்ததா?"

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. 2007ஆம் ஆண்டில் நரம்பியல் அறிஞர் ஜோசப் டால்மாவும் அவர்தம் குழுவினரும் 12 பெண்களின் நோயை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சூலகத்தில் டெரட்டோமா என்னும் கட்டி இருந்தது. கருமுட்டைக்கு மூலமான உயிரணுக்களிலிருந்து தோன்றும் இக்கட்டியில் முடி, பல், நரம்புத் திசுவும்கூட வளர்வதுண்டு. அத்திசுவை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் மூளையையும் தாக்குகின்றன; குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பிகளைக் குறைத்துவிடுகின்றன. கெட்டமின் என்ற மயக்க மருந்து தடுப்பதும் இதே ஏற்பிகளைத்தான். அம்மருந்து தெளியும் வேளையில் சிலர் இல்லாததைக் காண்பதுண்டு.

உறக்கமின்மை, பேரச்சம், உற்றாரை அறியாமை, வலிப்பு, பின்னர்ப் பேச்சற்ற நிலை: ஊரார் பேய் என்று பெயரிட்ட அத்தனையும் இந்நோயில் உண்டு. கட்டியின்றியும் இது வரும். ஆண்களையும் சிறுவரையும் பற்றும். கட்டி இருப்பின் அதனை அகற்றி, எதிர்ப்பொருளை அடக்கும் மருந்தும் தந்தால் அறிவு மீள்கிறது. 2013இல் வெளிவந்த பேராய்வு ஒன்றில், இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டோருள் 81 விழுக்காட்டினர் நன்கு தேறியிருந்தனர். விரைந்து சிகிச்சை பெற்றவர்களே மிகுதியும் தேறினர்.

திருச்சபையும் இதில் விழிப்பாகவே இருக்கிறது. ஆயரின் தனிப்பட்ட அனுமதியின்றி எக்குருவும் பேயோட்டலாகாது என்பது திருச்சபைச் சட்டம் 1172. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம், நோயுற்றவன் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் தரவும் வேண்டும் என்கிறது.

ஆகவே அன்பர்களே, மகளைக் கட்டிவைத்து வெள்ளிக்கிழமைக்காகக் காத்திராதீர்கள். முதலில் திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து வேலூருக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் தயங்காதீர்கள். நாமும் உடன் செபிப்போம். இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. மருத்துவர் பிணியைப் போக்கலாம். "பேய் பிடித்தவள்" என்று ஊர் சூட்டிய பெயரைப் போக்க அவரால் இயலாது. பெண் பார்க்க வருவோரிடம் அப்பெயரைச் சொல்லாதிருப்பது அண்டை வீட்டாராகிய நம் கடமை.