ப்ளானில் இல்லாத ஆள்

அடுக்குமாடி வீடு எழும்பப் போகிற இடங்களில் வேலிக்கு மேல் ஒரு வர்ணப் படம் மாட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு ருசி. நாவல் எழுதுகிறவனுக்கு ஜனங்கள் இருக்கிற இடமெல்லாம் பிடிக்கும். அந்தப் படத்தில் ஜனங்களுக்குக் குறைவில்லை. புல்தரையில் ஒரு குழந்தை பந்து விளையாடுகிறது. ஒரு தம்பதி கைகோத்து நடக்கிறார்கள். நம் ஊரில் முளைக்காத மரம் ஒன்றின் நிழலில் கார் நிற்கிறது. ஆனால் கட்டடம் கட்டுவதற்கென்று ப்ளான் ஒன்று உண்டல்லவா? அதில் ஒரு மனிதன்கூடக் கிடையாது. சுவர், தூண், கதவு, அளவு, அவ்வளவுதான்.

ப்ளான் வரைவதைத் தொழிலாகக் கொண்ட நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கதை எழுதுகிறவர்களுக்குத்தான் ஆள் வேண்டும்" என்று சிரித்தார். மேஜைமேல் விரித்திருந்த வீட்டு ப்ளானில் ஒரு சதுரத்தைத் தொட்டுக் காட்டினேன். தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, சம்ப் என்பார்கள். அதன் மூலையில் இரண்டடிச் சதுரமாக ஒரு வாய்.

"இதற்குள் யார் இறங்குவார்கள்?"

"வருஷத்துக்கு ஒரு தரம் கழுவுகிறவன் இறங்குவான்."

"அவனுக்கு முன்னால் ஒருவன் இறங்கியாக வேண்டுமே?"

நண்பர் சற்று யோசித்தார். "ஓ, சென்ட்ரிங் பிரிக்கிறவனைச் சொல்கிறீர்களா?"

அவனைத்தான் சொன்னேன். தொட்டியின் மேல்தளத்துக்கு உள்ளே முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, அதன்மேல் காங்கிரீட் கொட்டுகிறார்கள். அது இறுகும்வரை நாள்கணக்கில் தொட்டி மூடிக் கிடக்கிறது. உள்ளே தேங்கிய ஈரத்தில் மரம் ஊறி மக்கத் தொடங்குகிறது. அந்த மக்கல் உள்ளே இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. பிறகு ஒருவன் பலகை பிரிக்க இறங்குகிறான்; மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இன்னொருவன் குதிக்கிறான். அவன் தம்பியாகவும் இருக்கலாம், மைத்துனனாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. விஷவாயு தாக்கியதாகத் தலைப்புப் போடுவார்கள். விஷம் எதற்கு? மூச்சுவிடக் காற்று இல்லாதிருந்தாலே போதும்.

எதிர்மூலையில் இன்னொரு வாய் வைத்தால் காற்றை உள்ளே ஓட்டலாம். விழுந்தவனைத் தூக்கவும் வழியுண்டு. மேல்தளத்தைத் தரையிலேயே துண்டு துண்டாக வார்த்துத் தொட்டிமேல் அடுக்கிவிட்டால் சென்ட்ரிங்கே வேண்டாம், அதைப் பிரிக்க ஆளும் வேண்டாம். ஆனால் இதெல்லாம் பென்சில் கையில் இருக்கும்போது தோன்ற வேண்டிய யோசனைகள். அப்புறம் ஹெல்மெட் கொடுத்து என்ன பயன்?

"எப்படிக் கட்டுவது என்பது கான்ட்ராக்டர் பாடு" என்றார் நண்பர். "நான் அதில் தலையிட்டால் நாளைக்கு ஏதாவது ஆகும்போது பழியும் என்மேல்தான் விழும்." நியாயமான பயந்தான். கான்ட்ராக்டர் மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரி சென்ட்ரிங் ஆட்களிடம் விடுகிறார். இறங்குகிறவன் ப்ளானைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

பிரிட்டனில் 1994-இல் வகுத்த விதிகள் இந்தப் பொறுப்பை வரைகிறவர் தலையிலும் ஏற்றின. நம் நாட்டிலும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1998-ஆம் வருஷத்து மத்திய விதிகளிலும், 2020-இல் இயற்றிய தொழிற் பாதுகாப்புச் சட்டத்திலும், திட்டமிடும்போதே தொழிலாளியின் பாதுகாப்பை நினைக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த 1998 விதிகளுக்குத் தாயான 1996-ஆம் வருஷத்துச் சட்டம், பத்து ஆளுக்குக் குறைந்த வேலையிடத்தை எட்டிப் பார்க்கவில்லை. சின்ன வீட்டு வேலைகள் பலவும் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டன.

கேட்டால் வரைவார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பின் அனுமதிக்குப் போகிற ப்ளானில் அதற்கும் ஒரு இடம் வந்துவிட்டது. அதிகாரிதான் கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை. சம்ப் வடகிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் வாஸ்து பார்த்துக் கேட்கிறார்கள். அதற்காக ஒரு வீட்டு ப்ளானை மூன்று தரம் மாற்றிக் கொடுத்தாராம் நண்பர். தனிக் கூலிகூட வாங்கவில்லையாம். இரண்டாவது வாய் வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார்.